மலர்ப் பள்ளத்தாக்கு மழைக்கால மலையேற்றம்

மலர்ப் பள்ளத்தாக்கு மழைக்கால மலையேற்றம் என்பது இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் அமைந்துள்ள மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு, ஆண்டுதோறும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் மேற்கொள்ளப்படும் நடைபயணம் ஆகும். காட்டுப் பூக்களையும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் கண்டறிய விரும்புவோர் இங்கு வருகின்றனர். இப்பள்ளத்தாக்கு இந்தியில் பூலோன் கி காட்டி எனப்படுகிறது. பொதுவாக இமயமலைப் பயணங்களுக்கு மழைக்காலம் ஏற்றதன்று எனக் கருதப்படுகிறது. ஆயினும் இப்பள்ளத்தாக்கின் பூக்கள் மிகுதியாக மலர்வது மழை மிகுந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். எனவே வழியைக் கடினமாக்கும் மழையும் காண வந்த காட்சியைத் தரும் மழையும் இங்கு ஒன்றே ஆகும்.

1982-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 1988-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட நந்தா தேவி தேசியப் பூங்காவுடன் 2005-இல் இணைக்கப்பட்டு அத்தகுதியைப் பெற்றது.

அமைவிடமும் நில அமைப்பும்

பூங்காவின் பரப்பளவு 87.5 சதுர கி.மீ. ஆகும். இதில் பெரும் பகுதி பாறையும் பனியாறும் ஆகும். மலையேறுவோர் காணும் புல்வெளி, ஏறத்தாழ 8 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் கொண்ட ஒரு தொட்டி போன்ற நிலப்பகுதியாகும். புல்வெளியின் கீழ் எல்லை கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் உள்ளது. பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான கௌரி பர்வதத்தின் உயரம் 6,719 மீட்டர்.

திப்ரா பனியாற்றில் தோன்றும் புஷ்பவதி ஆறு பள்ளத்தாக்கின் நடுவே ஓடி, கங்காரியா என்னும் ஊருக்கு அருகில் ஹேம்குண்ட் ஏரிப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் லட்சுமண கங்கையுடன் கலக்கிறது. இவ்வாறு சேர்ந்த ஆறு கோவிந்த்காட்டில் அலக்நந்தாவை அடைகிறது. இப்பகுதி சான்ஸ்கார் மலைத்தொடருக்கும் பெரும் இமயத்திற்கும் இடைப்பட்டதாகவும், கிழக்கு இமயத் தாவரங்களும் மேற்கு இமயத் தாவரங்களும் சந்திக்கும் இடமாகவும் உள்ளது. சிறிய பரப்பில் இத்தனை வகைத் தாவரங்கள் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழித்தடம்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஜோஷிமட்டைக் கடந்து உள்ள கோவிந்த்காட்டில் (ஏறத்தாழ 1,830 மீ.) பயணம் தொடங்குகிறது. முன்னர் இங்கிருந்து கங்காரியா வரை 13 கி.மீ. முழுவதையும் நடந்தே கடக்க வேண்டியிருந்தது. பின்னர் பூல்னா வரை சாலை அமைக்கப்பட்டதால் நடக்கும் தொலைவு சுமார் 4 கி.மீ. குறைந்துள்ளது. ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் உள்ள கங்காரியாவே கடைசித் தங்குமிடம் ஆகும். ஒரே நாளில் 1,200 மீட்டர் ஏறுவதால் சிலருக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் ஏற்படுவதுண்டு. மறுநாளே பள்ளத்தாக்கிற்குச் செல்லாமல் ஒரு நாள் ஓய்வெடுப்பது நல்லது.

கங்காரியாவுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 4,329 மீட்டர் உயரத்தில் உள்ள ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியர் திருத்தலத்திற்குச் செங்குத்தாக ஏறுகிறது. மற்றொன்று வனத்துறைச் சாவடியைக் கடந்து, புஷ்பவதியின் மேலுள்ள பாலத்தைத் தாண்டி, காட்டின் ஊடே பள்ளத்தாக்கை அடைகிறது. கங்காரியா வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஹேம்குண்ட் செல்லும் அடியார்களே. பள்ளத்தாக்கின் பாதையில் கோவேறு கழுதைகளுக்கு அனுமதி இல்லை. நடக்க இயலாதோரைக் கண்டி எனப்படும் முதுகுக் கூடையில் சுமந்து செல்லும் தொழிலாளர் உள்ளனர்.

சாவடி முதல் புல்வெளி தொடங்கும் இடம் வரை 3 முதல் 4 கி.மீ. தொலைவு இருக்கும். பூக்களை மட்டும் எண்ணி வருவோர் இக்காட்டுப் பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். உண்மையில் பறவைகளைக் காண்பதற்கு வழித்தடத்தில் இதுவே சிறந்த பகுதி எனலாம். ஃபிர், யூ போன்ற ஊசியிலை மரங்களும், பூர்ஜ மரங்களும், ரோடோடென்ட்ரான் புதர்களும் இங்கு உள்ளன. பண்டைக் காலத்தில் சுவடி எழுதப் பயன்பட்ட பூர்ஜ பத்திரம் இம்மரத்தின் உரிபட்டையே ஆகும். நீலகிரிச் சோலைகளில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் இமயமலையின் ரோடோடென்ட்ரான் இனம் ஒன்றின் தென்னிந்தியத் துணையினமே என்பது குறிப்பிடத்தக்கது.

மழையும் பூக்கும் காலமும்

நவம்பர் முதல் மே வரை பள்ளத்தாக்கு பனியால் மூடப்பட்டிருக்கும். பனி உருகிய பின் அடுத்த பனி விழும் வரை செடிகளுக்குக் கிடைப்பது நான்கு முதல் ஐந்து மாதங்களே. முளைத்தல், பூத்தல், விதைத்தல் ஆகிய அனைத்தும் இக்காலத்திற்குள் முடிய வேண்டும். ஆகையால் ஒரு கூட்டம் பூத்து ஓய்ந்ததும் மற்றொரு கூட்டம் அதே நிலத்தில் எழுகிறது. பள்ளத்தாக்கின் நிறம் வாரந்தோறும் மாறுகிறது என்று கூறப்படுவதன் அடிப்படை இதுதான்.

ஜூன் மாதத்தில் ஓடைகளின் மேல் பனிப்பாலங்கள் எஞ்சியிருக்கும்போதே, பனி விலகிய ஈர நிலத்தில் பிரிமுலாவும் வெண்ணிற அனிமோனும் பூக்கின்றன. ஜூலையில் மழை வலுத்ததும் ஜெரேனியம், பொட்டென்டில்லா, பெடிகுலாரிஸ் முதலியவை எழுகின்றன. ஆகஸ்டில் இளஞ்சிவப்புக் காசித்தும்பை ஆள் உயரத்திற்கு வளர்ந்து சரிவுகளை நிரப்புகிறது. ஆற்றின் கூழாங்கல் திட்டுகளில் எப்பிலோபியம் பூக்கிறது. செப்டம்பரில் ஆஸ்டர், ஜென்ஷியன் வகைகள் மலர, இலைகள் பழுக்கத் தொடங்குகின்றன. ஜூலை இறுதியில் வந்தவரும் செப்டம்பர் நடுவில் வந்தவரும் கண்ட பள்ளத்தாக்குகள் வேறு வேறு எனலாம். ஒருவர் புகைப்படத்தில் கண்ட பூவை மற்றொருவர் காணாமல் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும் என்ற வர்ணனை சற்று மிகையானது. இச்செடிகள் பல இடுப்பளவும் அதற்கு மேலும் வளர்பவை. பல நிறங்கள் இலைகளுக்கிடையே கலந்து கிடக்கும். நின்று, குனிந்து தேடுவோருக்கே பெரும்பாலான இனங்கள் புலப்படும்.

தாவரங்கள்

1990-களில் சந்திர பிரகாஷ் கலா என்ற ஆய்வாளர் மேற்கொண்ட கணக்கெடுப்பில் 520 உயர்மலைத் தாவர இனங்கள் பதிவு செய்யப்பட்டன. அவற்றுள் 498 பூக்கும் தாவரங்கள். உள்ளூர் மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் இனங்கள் பலவும் இவற்றில் அடங்கும்.

காட்டின் நிழலில் காணப்படும் நாக லில்லி, பெயரில் லில்லி இருந்தாலும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. படமெடுத்த நாகம் போலத் தோன்றுவது அதன் பூ அன்று. பூங்கொத்தை மூடியுள்ள மடலே அவ்வாறு தோன்றுகிறது. கிழங்கில் சேமிப்பு குறைவாக உள்ள ஆண்டுகளில் ஆண் பூக்களையும், சேமிப்பு மிகுந்த ஆண்டுகளில் பெண் பூக்களையும் ஒரே செடி தோற்றுவிக்க வல்லது.

நீலப் பாப்பி பாறை இடுக்குகளில் வளரும் முள்ளுடைய செடியாகும். இது பல ஆண்டுகள் இலைகளாகவே இருந்து, ஒரே முறை பூத்து, விதையிட்டதும் மடிந்துவிடுகிறது. எனவே ஒரு பூவைப் பறிப்பது ஒரு செடியின் வாழ்நாள் முழுவதையும் வீணாக்குவதாகும்.

உத்தராகண்டின் மாநில மலரான பிரம்ம கமலத்தைத் தேடிப் பள்ளத்தாக்கிற்கு வருவோர் ஏமாற்றமடைவர். இது புல்வெளியில் அன்றி, அதனினும் உயர்ந்த பாறைச் சரிவுகளில் வளர்வது. ஹேம்குண்ட் பாதையின் மேற்பகுதியில் இதனைக் காணலாம். பெயரில் கமலம் இருப்பினும் இது தாமரை அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிர் மஞ்சள் நிறத்தில் தாள் போன்று தெரிபவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். அவை உள்ளிருக்கும் ஊதாநிறச் சிறு பூக்களைக் குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் தொட்டியில் வளர்க்கப்பட்டு, இரவில் பூத்துக் காலையில் வாடும் பிரம்ம கமலம் வேறொரு தாவரம். அது அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட கள்ளி வகையாகும். இவ்விரண்டும் இதழ்களிலும் பாடநூல்களிலும் கூட ஒன்றாகக் குழப்பப்படுவதுண்டு.

வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும்

வண்ணத்துப்பூச்சிகளின் வரிசையில் தமிழ் வாசகருக்கு அறிமுகமான பெயர்கள் சிலவும் உள்ளன. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் இப்பூங்காவின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் முட்டையிடும் இவ்விரண்டையும் மேலே புல்வெளியில் தேடுவதைவிட வழித்தடத்தின் கீழ்ப்பகுதியில் எதிர்பார்ப்பதே பொருத்தமாகும். கங்காரியாவைச் சுற்றிக் காஞ்சொறிச் செடிகள் மண்டிய இடங்களில், அச்செடியின் இலைகளைத் தின்று வளரும் இந்திய ஆமையோட்டு வண்ணத்துப்பூச்சி காணப்படுகிறது.

உயர்மலைக்கே உரியது நீல அப்பொல்லோ ஆகும். வெண்மையான இறக்கைகளில் கறுப்புத் திட்டுகளும் சிவப்பு, நீலப் புள்ளிகளும் கொண்ட இது தரையை ஒட்டித் தாழப் பறக்கும். வண்ணத்துப்பூச்சிகள் தம் உடல் வெப்பத்திற்கு வெயிலையே நம்பியிருப்பதால், மூடுபனி சூழ்ந்ததும் இலைகளின் அடியிலும் பாறை இடுக்கிலும் ஒடுங்கிவிடுகின்றன. மழைக்காலத்தில் பள்ளத்தாக்கில் மூடுபனி பெரும்பாலும் நண்பகலை ஒட்டி எழுகிறது. ஆகவே முற்பகலில் மேகம் விலகும் சிறு இடைவெளிகளே வண்ணத்துப்பூச்சிகளைக் காணும் நேரம். அத்தகைய பதினைந்து நிமிட வெயிலில் வெற்றுச் சரிவு போலத் தோன்றிய இடத்திலிருந்து பல பூச்சிகள் எழுவதுண்டு.

மழைத் தூறலிலும் பூக்களில் இயங்குபவை ரோமம் அடர்ந்த பம்பிள்தேனீக்கள். இவை பறப்புத் தசைகளை அதிரச் செய்து உடலைத் தாமே சூடாக்கிக்கொள்ள வல்லவை. காசித்தும்பை, பெடிகுலாரிஸ் போன்ற பூக்களின் மகரந்தச் சேர்க்கையில் இவற்றின் பங்கு பெரிது. கண்ணைக் கவரும் வண்ணத்துப்பூச்சிகளைவிட, பலரும் கவனிக்காத இத்தேனீக்களே மழைக்காலப் பூக்களுக்குப் பெரிதும் துணை நிற்கின்றன.

பறவைகள்

1993-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 114 பறவை இனங்கள் பதிவாயின. மாநிலப் பறவையான மொனால் இவற்றுள் புகழ் பெற்றது. சேவல் பச்சை, செம்பு, ஊதா நிறங்களில் உலோகம் போல் மின்னும். பெட்டை பழுப்பு நிறமானது. வலிய அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளையும் புழுக்களையும் தின்னும் இப்பறவையை, காடு முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லையில் அதிகாலையில் காணலாம். ஆட்கள் நடமாட்டம் தொடங்கியதும் மறைந்துவிடும்.

ஆற்றோரப் பாறைகளில் வெண்தலைச் செவ்வால் குருவியும், நீருக்குள் மூழ்கி இரை தேடும் பழுப்பு டிப்பரும் காணப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சீகாரப் பூங்குருவிக்கு உறவினமான நீலச் சீழ்க்கைப் பூங்குருவியின் குரல், ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். வானம் தெளிந்தால் தாடிக் கழுகும் இமயமலைப் பாறு கழுகும் வட்டமிடுவதையும், மஞ்சள் அலகுடைய மலைக்காக்கைகள் காற்றில் விளையாடுவதையும் காணலாம். பனிப்புறா, கொக்லாசு, செதில் வயிற்று மரங்கொத்தி ஆகியனவும் இங்கு உள்ளன.

தென்னிந்தியாவில் குளிர்காலத்தில் காணப்படும் பறவைகள் சில கோடையில் இமயமலையில் இனப்பெருக்கம் செய்பவை. சாம்பல் வாலாட்டியும் பச்சைக் கதிர்க்குருவியும் அத்தகையன. நீலகிரி ஓடையோரத்தில் டிசம்பரில் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் வாலாட்டியின் இனத்தை ஜூலையில் இமயமலை ஓடைகளில் கூடு கட்டும் நிலையில் காணலாம். பாடும் பருவம் ஜூலைக்குப் பின் ஓய்வதால், பறவைகளுக்காகவே வருவோருக்கு ஜூன் மாதம் ஏற்றது. அப்போது பூக்கள் குறைவாகவே இருக்கும்.

பனிச்சிறுத்தை, இமயமலைக் கருங்கரடி, கத்தூரி மான், நீல ஆடு முதலிய விலங்குகள் பூங்காவில் வாழ்கின்றன. எனினும் பகலில் நடந்து திரும்புவோர் அவற்றைக் காண்பது அரிது.

வரலாறு

1931-இல் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை முதன்முதலில் ஏறி முடித்த பிரித்தானியக் குழுவினர், திரும்பும் வழியில் பியூந்தர் கணவாயைக் கடந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கினர். குழுத் தலைவர் ஃபிராங்க் ஸ்மைத், குழுவின் தாவரவியலாளர் ஹோல்ட்ஸ்வொர்த், எரிக் ஷிப்டன் ஆகியோர் அதில் இருந்தனர். ஸ்மைத் 1937-இல் மீண்டும் வந்து மழைக்காலத்தில் தங்கித் தாவரங்களைச் சேகரித்தார். 1938-இல் அவர் வெளியிட்ட 'தி வேலி ஆஃப் ஃபிளவர்ஸ்' என்னும் நூலே பள்ளத்தாக்கின் பெயரை உலகறியச் செய்தது. 1939-இல் இங்கு தாவரங்களைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெகி பாறைச் சரிவில் தவறி விழுந்து உயிரிழந்தார். அவருடைய சகோதரி அமைத்த கல்லறை புல்வெளியின் நடுவே உள்ளது.

ஸ்மைத் இப்பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தார் என்று எழுதப்படுவது சரியன்று. பியூந்தர், பூல்னா ஊர்களின் மக்கள் தலைமுறைகளாகக் கோடையில் தம் கால்நடைகளை இங்கு மேய்த்து வந்தனர். தேவதைகள் உலவும் இடம் என்ற நம்பிக்கையும் அவர்களிடையே வழங்கி வந்தது.

மேய்ச்சல் தடையும் விவாதமும்

தேசியப் பூங்கா அறிவிப்பை அடுத்து, 1983-இல் பள்ளத்தாக்கில் கால்நடை மேய்ச்சல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. செம்மறி ஆடுகளும் வெள்ளாடுகளும் பூக்களையும் மருந்துச் செடிகளையும் அழிக்கின்றன என்பதே தடைக்குக் கூறப்பட்ட காரணம். கோடை மேய்ச்சல் நிலத்தை இழந்த மக்கள் படிப்படியாகத் தம் ஆட்டு மந்தைகளைக் குறைத்து, கங்காரியா வழித்தடத்தில் கடை வைத்தல், சுமை தூக்குதல், கோவேறு கழுதை ஓட்டுதல் ஆகியவற்றை நம்பலாயினர்.

தடைக்குப் பின் எதிர்பாராத ஒன்று கவனிக்கப்பட்டது. உள்ளூரில் அமேலா எனப்படும் பாலிகோனம் என்ற உயரமான செடி பல சரிவுகளில் அடர்ந்து பரவியது. நிலத்தடித் தண்டுகளால் பெருகும் இச்செடி ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை உயர்ந்து, தாழ வளரும் பூச்செடிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்கிறது. மேய்ச்சலும் மிதிபாடும் நின்றதே இதற்குக் காரணம் என்றும், ஆடுகளை விலக்கியதால் பூக்கள் குறைகின்றன என்றும் ஒரு சாரார் வாதிட்டனர். குறைந்த அளவு மேய்ச்சலை மீண்டும் அனுமதிக்க வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது.

கலாவும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வுகள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. மேய்ச்சல் நின்றதால் பள்ளத்தாக்கின் தாவர வளம் குறைந்துவிடவில்லை என்பது அவர்களது முடிவு. பாலிகோனம் மிகுதியாக இருக்கும் இடங்களை நோக்கினால், அவை முன்பு மந்தைகள் அடைக்கப்பட்ட திடல்களாகவும், பனிச்சரிவும் மண்சரிவும் குலைத்த நிலங்களாகவும் இருப்பது தெரிய வந்தது. அதாவது இச்செடியை மேய்ச்சல் இல்லாமை மட்டும் கொண்டுவரவில்லை. முந்தைய மேய்ச்சலின் தடத்திலும் அது வேரூன்றியது. இது குறித்து 2004-இல் வெளிவந்த கலாவின் நூலின் பெயரே பள்ளத்தாக்கு பற்றிய தொன்மமும் உண்மையும் என்று பொருள்படுவதாகும்.

பாலிகோனம் வெளிநாட்டிலிருந்து வந்த களை அன்று. இமயமலைக்கே உரிய செடியாகும். அழகுச் செடியாக ஐரோப்பாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்குக் களையாகப் பரவியுள்ளது. தாயகத்தில் அதனைக் களை என்று பிடுங்குவது முறையா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. அது பரவிய இடங்களில் வனத்துறை பருவந்தோறும் ஆட்களைக் கொண்டு கையால் அகற்றி வருகிறது. இவ்வேலை நின்றால் செடி மீண்டும் எழுகிறது. வருகையாளர்கள் இளஞ்சிவப்புக் காசித்தும்பை நிறைந்த சரிவைக் கண்டு வியந்து கடக்கும்போது, அருகில் வெண்ணிறப் பூக்கொத்துகளுடன் அடர்ந்து நிற்பது பெரும்பாலும் இச்செடியே.

ஆடுகளுக்குப் பதிலாக மனிதர் வரத் தொடங்கியதும் வேறொரு சிக்கலைத் தந்தது. ஹேம்குண்ட் அடியார்களின் கூட்டத்தால் கங்காரியா வழியில் நெகிழிக் குப்பை பெருகியது. பியூந்தர் மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழு வழித்தடத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பை ஏற்றது. மேய்ச்சல் உரிமையை இழந்தவர்களே பாதையின் காவலர்களாக ஆனது இவ்வாறே.

வெள்ளமும் நிலச்சரிவும்

2013 ஜூன் 16, 17 நாட்களில் உத்தராகண்டைத் தாக்கிய பெருமழையில், லட்சுமண கங்கை பெருகி பியூந்தர் ஊரையும் கோவிந்த்காட்டின் பெரும்பகுதியையும் அழித்தது. நடைபாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் பள்ளத்தாக்கிற்குள் செல்லும் பாதையின் சில பகுதிகள் புதிதாக அமைக்கப்பட்டன. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் பிளந்தன. 2025 மார்ச்சில் மலையிலிருந்து சரிந்த பாறைகளால் கோவிந்த்காட்டின் வண்டிப் பாலம் இடிந்து வீழ்ந்தது. மழை கனத்த நாட்களில் நெடுஞ்சாலையில் மண்சரிவு ஏற்பட்டு ஒன்றிரண்டு நாட்கள் போக்குவரத்து நிற்பது வழக்கம். எனவே திரும்பும் பயணச்சீட்டைக் கூடுதல் நாட்களைக் கணக்கிட்டு எடுப்பது தேவையாகும்.

அனுமதியும் விதிகளும்

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். நுழைவுச்சீட்டைச் சாவடியில் பெறலாம். பள்ளத்தாக்கினுள் இரவு தங்குவதற்கும் கூடாரம் அமைப்பதற்கும் அனுமதி இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் கங்காரியாவிலிருந்து சென்று மாலைக்குள் திரும்ப வேண்டும். பூ, விதை, கிழங்கு எதனையும் எடுத்துச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. பாதையை விட்டு விலகி நடப்பதும் தவிர்க்கத்தக்கது. ஈரம் மிகுந்த மண்ணில் ஒருவர் கால் பதித்த இடத்தில் மண் இறுகி, மழைநீர் வழிந்தோடும் தடமாக மாறிவிடுகிறது.